'தண்ணி தெளிச்சு விட்டாச்சு' முதல் 'பாய்காட்' வரை: ஒருத்தரை ஒதுக்கும் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன?

"அவனை எப்பவோ தலைமுழுகிட்டோம்", "அவன்கூட டூ", "தண்ணி தெளிச்சு விட்டாச்சு", "கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க"... ஒரு நாளில் எத்தனை முறை இதையெல்லாம் சொல்கிறோம், கேட்கிறோம்? ஒருவரை ஒதுக்குவதற்கும், கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் தமிழில் இருக்கும் சொற்களுக்குக் குறைவே இல்லை.

பேச்சுவாக்கில் வந்துபோகும் இந்தச் சொற்களுக்குப் பின்னால் சாவு வீட்டுச் சடங்கு இருக்கிறது, கோயில் திருவிழா இருக்கிறது, ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, வருவாய்த்துறை பதிவேடும் இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இன்று உலகம் முழுக்க 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் புழங்கும் ஒரு சொல்லும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'தலைமுழுகிட்டேன்': உயிரோடு இருப்பவருக்கு ஒரு சாவுக் குளியல்

தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் சாவுக்குப் போய்விட்டு வந்தால் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். தூரத்து உறவினர் இறந்த செய்தி வந்தால்கூட, தீட்டு என்று சொல்லி தலைமுழுகும் வழக்கம் இருக்கிறது. இறந்தவரோடு இருந்த உறவு முடிந்தது என்பதன் அடையாளம் அந்தக் குளியல்.

அப்படியானால் உயிரோடு இருக்கும் ஒருவரை "தலைமுழுகிட்டேன்" என்று சொன்னால்? "என்னைப் பொறுத்தவரை அவன் செத்துட்டான்" என்பதுதான் அதன் பொருள். காதல் திருமணம், சொத்துத் தகராறு, குடிப்பழக்கம் என்று குடும்பம் உடையும் இடங்களில் எல்லாம் இந்தச் சொல் வந்து நிற்கிறது. சொல்பவருக்கு அது கோபம். கேட்பவருக்கு அது தன்னுடைய சாவுச் செய்தி.

இதே குளியல்தான் கொஞ்சம் லேசாகி 'முழுக்கு' ஆனது. "அரசியலுக்கு முழுக்கு", "சினிமாவுக்கு முழுக்கு" என்று செய்திகளில் வரும் தலைப்புகளின் தாய்ச்சொல் இதுதான்.

'தண்ணி தெளிச்சு விட்டாச்சு': திருவிழா ஆட்டிலிருந்து வந்த சொல்

"அவன் என்னமோ பண்ணிட்டுப் போறான், தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருப்போம். இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கோயில் திருவிழாவிலிருந்து வருகிறது.

கிராமக் கோயில்களில் கிடா வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் மீது மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அந்த ஆடு வளர்த்தவருக்குச் சொந்தம் இல்லை, சாமிக்குச் சொந்தம். கோயிலுக்கு என்று நேர்ந்து விடப்படும் காளைக்கும் இதே கதைதான். அதைக் கட்டிப்போட மாட்டார்கள், அது எங்கே மேய்ந்தாலும் கேட்க மாட்டார்கள். "கோயில் மாடு மாதிரி சுத்துறான்" என்ற பேச்சும் இதிலிருந்துதான்.

ஆக, ஒருவரைத் தண்ணி தெளித்து விடுவது என்றால், "இனி எனக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை" என்று அறிவிப்பது.

தண்ணீரை வைத்து உரிமையை விட்டுக்கொடுக்கும் பழக்கம் இன்னொரு சொல்லிலும் இருக்கிறது. அது 'தாரை வார்த்தல்'. தானம் கொடுக்கும்போது நீர் வார்த்துக் கொடுப்பது பழைய முறை. நிலத்தைத் தானமாகத் தந்தபோது நீர் வார்த்துக் கொடுத்ததைக் கல்வெட்டுகளிலும் பார்க்கலாம். திருமணத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பதும் அப்படித்தான். 1974 ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது 'கச்சத்தீவு தாரை வார்க்கப்பட்டது' என்று தமிழக அரசியலில் இன்றும் சொல்கிறார்கள். பெருமையான தானத்தைச் சொன்ன வார்த்தை, 'கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டாக மாறிவிட்டது.

கைகழுவுவதும் கறிவேப்பிலையும்: சாப்பாட்டு இலையிலிருந்து இரண்டு

'கைகழுவி விட்டான்' என்றதும் பலருக்கு பைபிள் காட்சி நினைவுக்கு வரும். இயேசுவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட நேரத்தில், ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து கூட்டத்தின் முன்னால் தண்ணீர் எடுத்துக் கையைக் கழுவி, இந்தப் பழி தன்னைச் சேராது என்று காட்டியதாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் 'கைகழுவுதல்' என்ற வழக்கு இந்தக் காட்சியோடு சேர்த்தே பேசப்படுகிறது.

தமிழ்ச் சாப்பாட்டுப் பந்தியில் அந்தச் செயலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கையால் சாப்பிடும் ஊரில், கை கழுவிவிட்டால் சாப்பாடு முடிந்தது. அதற்குப் பிறகு இலையில் என்ன இருந்தாலும் அது எச்சில்தான். ஒருவரை 'கைகழுவுவது' என்று சொல்லும்போது இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஒன்று, எனக்குப் பொறுப்பு இல்லை. இன்னொன்று, எனக்கு வேண்டியது முடிந்துவிட்டது.

கறிவேப்பிலைக்கு விளக்கமே தேவையில்லை. தாளிக்கும்போது வாசனைக்கு அதுதான் முதலில் வேண்டும். இலையில் வந்ததும் முதலில் ஒதுக்கப்படுவதும் அதுதான். தேர்தல் கூட்டணியில் தொகுதி கிடைக்காத கட்சிகளும், ஒப்பந்தம் முடிந்து வெளியேற்றப்படும் ஊழியர்களும் "எங்களைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்" என்று சொல்வதன் வலி இதில் இருக்கிறது. தேவைப்படவில்லை என்று ஒதுக்கினால்கூட தாங்கிக்கொள்ளலாம். தேவை தீர்ந்ததும் ஒதுக்குவதுதான் அதிகம் சுடும்.

'காய்' விட்டா 'பழம்' விடணும்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உலகத்திலும் ஒதுக்குதல் உண்டு. 'டூ' விட்டாலும் 'காய்' விட்டாலும் பேச்சுவார்த்தை கட். விரலைக் காட்டி அறிவிப்பு வெளியிட்டால் போதும், அடுத்த பெஞ்சில் இருப்பவர் அந்நியர் ஆகிவிடுவார்.

ஆனால் பெரியவர்களின் சொற்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. காய்க்கு அடுத்த கட்டம் பழம். காய் துவர்க்கும், புளிக்கும். கொஞ்ச நாள் விட்டால் தானாகப் பழுக்கும். பிரிவைச் சொல்லும்போதே சமாதானத்துக்கும் ஒரு சொல்லைத் தயாராக வைத்திருக்கிறது குழந்தைகளின் தமிழ்.

பழைய தமிழில் 'காய்தல்' என்ற வினைச்சொல்லுக்குக் கோபப்படுதல், வெறுத்தல் என்ற பொருளும் உண்டு. விருப்பு வெறுப்பு இல்லாமல் பார்ப்பதை 'காய்தல் உவத்தல் இன்றி' என்று இன்றும் மேடைகளில் சொல்வார்கள். பிள்ளைகள் விடும் 'காய்'க்கு இந்த அர்த்தமும் அழகாகப் பொருந்துகிறது.

'ஊரை விட்டுத் தள்ளி வைத்தல்': வார்த்தை அல்ல, தண்டனை

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் பேச்சு வழக்குகள். 'தள்ளி வைத்தல்', 'ஊர் விலக்கம்' இரண்டும் அப்படி இல்லை. இவை நடைமுறையில் இருந்த, சில இடங்களில் இன்றும் புகாராக வந்துகொண்டிருக்கும் தண்டனைகள்.

ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும்?

* அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது.
* 'அன்னம் தண்ணி புழங்கக் கூடாது'. அவர்கள் வீட்டில் சாப்பிடவும் கூடாது, அவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது.
* 'கொள்வினை கொடுப்பினை' கிடையாது. அதாவது பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோகும்.
* 'நல்லது கெட்டதுக்கு' யாரும் போக மாட்டார்கள். சாவு விழுந்தால் தூக்கக்கூட ஆள் வராது.
* கடையில் சாமான் கிடைக்காது. சலவைத் தொழிலாளியும் முடிதிருத்துபவரும் வர மாட்டார்கள்.

இதில் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாத ஒரு விஷயம் 'தலைக்கட்டு வரி'. கோயில் திருவிழாவுக்கு ஊரில் குடும்பக் கணக்குப்படி வரி வசூலிப்பார்கள். திருமணமான ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. தள்ளி வைக்கப்பட்ட குடும்பத்திடம் இந்த வரியை வாங்க மாட்டார்கள். வரி கட்டாமல் இருப்பது லாபம்தானே என்று தோன்றலாம். ஆனால் வரி வாங்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் ஊர்க் கணக்கிலேயே இல்லை என்று பொருள். சாமிக்கு முன்னால் மரியாதையும் இல்லை. "எங்ககிட்ட வரி வாங்க மாட்டேங்கிறாங்க" என்று மக்கள் அதிகாரிகளிடம் மனு கொடுப்பதன் காரணம் இதுதான்.

தண்ணீரை மறுப்பது தமிழ்நாட்டில் மட்டும் உள்ளது அல்ல. வட இந்தியாவில் இதற்கு 'ஹுக்கா பானி பந்த்' என்று பெயர். சேர்ந்து புகைக்கும் ஹுக்காவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பண்டைய ரோமில் நாடு கடத்தப்பட்டவருக்கு 'நெருப்பும் நீரும் விலக்கு' என்றே சட்டத்தில் ஒரு தண்டனை இருந்தது. அவருக்கு யாரும் அடுப்பு மூட்டத் தீயோ, குடிக்கத் தண்ணீரோ கொடுக்கக் கூடாது. மனிதனை மனிதர்களிடமிருந்து பிரிக்க அடுப்பையும் குடத்தையும் பிரித்தால் போதும் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்திருக்கிறது.

'விலக்கு', 'தூரம்': வீட்டுக்குள் நடக்கும் ஒதுக்கல்

மாதவிடாய் என்ற சொல்லை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கிய காலத்தில் அதற்கு வைக்கப்பட்ட பெயர்களைக் கவனித்தால், எல்லாமே இடத்தைக் குறிக்கும். 'வீட்டுக்கு விலக்கு', 'வீட்டுக்குத் தூரம்', 'வெளியே உட்கார்ந்திருக்கா'. உடம்பில் நடப்பதைச் சொல்லாமல், அந்தப் பெண் எங்கே வைக்கப்பட்டிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்கின்றன இந்தச் சொற்கள். தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புறம், சில ஊர்களில் ஊருக்கு ஓரமாகத் தனிக் கட்டடம் என்று அந்தத் தூரம் உண்மையாகவே அளந்து வைக்கப்பட்டது.

இது வெறும் வார்த்தை இல்லை என்பதை 2018 நவம்பரில் கஜா புயல் காட்டியது. தஞ்சாவூர் மாவட்டத்தில், பூப்பெய்திய ஒரு சிறுமி வழக்கப்படி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தார். புயலில் தென்னை மரம் அந்தக் குடிசை மீது சாய்ந்ததில் அவர் உயிரிழந்தார். 'தூரம்' என்ற சொல் ஒரு உயிரின் விலையாக மாறிய நாள் அது.

'புறம்போக்கு': பொதுச் சொத்து எப்படி வசைச்சொல் ஆனது?

"புறம்போக்கு" என்று திட்டினால் உதவாக்கரை, வேண்டாதவன் என்று பொருள். ஆனால் இந்தச் சொல் வந்தது வருவாய்த்துறைப் பதிவேடுகளிலிருந்து.

தனியாருக்குப் பட்டா இல்லாத, நிலவரி விதிக்கப்படாத, பொதுத் தேவைக்காக ஒதுக்கப்பட்ட நிலம்தான் புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று அதில் பல வகை. எல்லோருக்கும் சொந்தமானது, அதனால் தனியாக யாருக்கும் சொந்தம் இல்லாதது. வரி வராத நிலம் பயனற்ற நிலம் என்று பார்க்கப்பட்டபோது, அந்தப் பார்வை மனிதர்கள் மீதும் விழுந்தது.

சமீப ஆண்டுகளில் இந்தச் சொல்லை மீட்கும் முயற்சிகளும் நடந்தன. இயக்குநர் எஸ்.பி.ஜனநாதன் 2015-ல் வெளியான தன் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்தார். 2017-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்', எண்ணூர் கழிமுகத்தின் அழிவைப் பேசியது. ஏரியும் கழிமுகமும் ஆக்கிரமிக்கப்பட்டால் மழைக்காலத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது. அந்த வகையில், ஒரு சொல்லை வசையாக்கியதற்கு நகரம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டாஞ்சில்லில் எழுதிய பெயர்: ஏதென்ஸின் ஒதுக்கல் தேர்தல்

ஆங்கிலத்தில் ஒருவரைச் சமூகத்திலிருந்து ஒதுக்குவதை 'ஆஸ்ட்ரசைஸ்' என்பார்கள். இதன் வேர் கிரேக்கச் சொல்லான 'ஆஸ்ட்ரகான்'. பொருள், உடைந்த பானை ஓடு. நம் ஊரில் ஓட்டாஞ்சில்லு.

கி.மு. 5-ம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் சபையில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்த ஆண்டு யாரையாவது வெளியேற்ற வேண்டுமா? ஆம் என்று முடிவானால், பிறகு ஒரு நாளில் வாக்கெடுப்பு. குடிமக்கள் தங்களுக்கு ஆபத்தானவர் என்று நினைக்கும் தலைவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 வாக்குகள் என்ற வரம்பு இருந்தது. பெயர் வந்தவர் 10 நாளில் நகரை விட்டுக் கிளம்ப வேண்டும். 10 ஆண்டுகள் திரும்ப முடியாது. ஆனால் அவருடைய சொத்தும் குடியுரிமையும் பறிக்கப்படாது.

கி.மு. 487-ல் தொடங்கி கி.மு. 416 வாக்கில் கடைசியாக இது பயன்படுத்தப்பட்டது. பாரசீகர்களைக் கடற்போரில் தோற்கடித்த தெமிஸ்டோக்ளிஸும் இப்படி வெளியேற்றப்பட்டவர்தான். அவர் பெயர் எழுதிய 190 ஓடுகள் ஏதென்ஸில் ஒரே கிணற்றில் கிடைத்தன. ஆராய்ந்து பார்த்தபோது அவற்றை ஒரு சிலரே எழுதியிருந்தது தெரிந்தது. அதாவது முன்கூட்டியே எழுதி, வாக்காளர்களுக்கு விநியோகிக்கத் தயாராக வைத்திருந்த ஓடுகள். ஒருவருக்கு எதிராகக் கும்பலைத் திரட்டும் வேலை 2,500 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

'பாய்காட்': உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர்

தமிழ் சமூக வலைதளங்களில் படம் வெளியாகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டிரெண்ட் ஆகும் 'பாய்காட்', ஒரு ஆளின் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபு என்ற நிலப்பிரபுவின் ஏஜென்ட்.

1879-ல் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்தது. 1880-ல் குத்தகை விவசாயிகள் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதம்தான் குறைத்தார். செப்டம்பரில் பாய்காட் விவசாயிகளை வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்தார். அதே மாதம் அயர்லாந்து தலைவர் பார்னெல், வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுப்பவரை அடிக்க வேண்டாம், தெருவிலும் கடையிலும் தேவாலயத்திலும் அவரை முழுமையாக ஒதுக்கிவிடுங்கள் என்று பேசியிருந்தார்.

மக்கள் அதைப் பாய்காட் மீதே செய்து காட்டினார்கள். பண்ணை ஆட்கள் வேலையை விட்டார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். துணி துவைப்பவர் வரவில்லை. கடிதம் கொண்டுவரும் சிறுவனும் நின்றுவிட்டான். கடையில் சாமான் இல்லை. கடைசியில் அறுவடைக்கு 50 பேர் வெளியிலிருந்து வர, அவர்களுக்குப் பாதுகாப்பாக ஏறக்குறைய ஆயிரம் படைவீரர்களும் போலீஸாரும் நிறுத்தப்பட்டனர். சுமார் 500 பவுண்டு பயிரை அறுக்க 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிடப்பட்டது. டிசம்பரில் பாய்காட் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.

இந்தப் புதுப் போராட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத், உள்ளூர் பாதிரியார் ஜான் ஓ'மாலியிடம் கேட்டார். 'ஆஸ்ட்ரசைஸ்' என்றால் விவசாயிகளுக்குப் புரியாது என்பதால், 'பாய்காட்' என்றே வைத்துவிடலாம் என்றார் பாதிரியார். கிரேக்கச் சொல்லின் இடத்தில் ஒரு ஏஜென்டின் பெயர் உட்கார்ந்த கதை இதுதான்.

பகிஷ்காரம்: ஒரே சொல், இரண்டு எதிர்த் திசை

பாய்காட் இந்தியாவுக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த பெயர் 'பகிஷ்காரம்'. சமஸ்கிருதத்தில் 'பஹிஸ்' என்றால் வெளியே. வெளியேற்றுதல் என்பது நேர்ப் பொருள். பின்னாளில் தமிழில் 'புறக்கணிப்பு' நிலைத்தது. அதிலும் 'புறம்' இருக்கிறது.

1905-க்குப் பிந்தைய சுதேசி இயக்கத்தில் அந்நியத் துணி பகிஷ்காரம், 1920-ல் ஒத்துழையாமை, 1928-ல் சைமன் கமிஷன் பகிஷ்காரம் என்று விடுதலைப் போராட்டம் முழுக்க இந்தச் சொல் இருந்தது. 1908-ல் தூத்துக்குடியில் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்தபோது, போராட்டத்துக்கு எதிராக இருந்தவர்களுக்குச் சவரம் செய்ய முடிதிருத்தும் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அயர்லாந்தில் கொல்லர் செய்ததும் இதே வேலைதான்.

ஆனால் அதே காலத்தில் அதே சொல்லை இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்தார் அண்ணல் அம்பேத்கர். 1924-ல் அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா'. 1927-ல் தொடங்கிய மராத்தி இதழ் 'பகிஷ்கிருத் பாரத்'. பொருள், 'ஒதுக்கி வைக்கப்பட்ட இந்தியா'. வெள்ளையரைப் பகிஷ்கரித்துக்கொண்டிருந்த நாட்டிடம், உங்கள் ஊருக்குள்ளேயே காலங்காலமாகப் பகிஷ்கரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பெயரே சொன்னது.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எளியவர்கள் சேர்ந்து வலியவரை ஒதுக்கினால் அது போராட்டம். வலியவர்கள் சேர்ந்து எளியவரை ஒதுக்கினால் அது ஒடுக்குமுறை. கொல்லர் வரவில்லை, சலவைக்காரர் வரவில்லை, கடையில் சாமான் இல்லை என்று இரண்டிலும் நடப்பது ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பாய்காட்டுக்கு ஊரை விட்டுப் போக வேறு இடம் இருந்தது. தள்ளி வைக்கப்பட்ட குடும்பத்துக்கு அது இருப்பதில்லை.

'பரையா': தமிழிலிருந்து உலகத்துக்குப் போன காயம்

சர்வதேசச் செய்திகளில் ஒரு நாட்டைத் தனிமைப்படுத்தும்போது 'பரையா ஸ்டேட்' என்ற ஆங்கிலத் தொடர் வரும். இந்தச் சொல் தமிழ்ச் சமூகத்தின் ஒரு பிரிவினரின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. 'பறை' என்ற இசைக்கருவியிலிருந்து வந்த பெயர் அது என்று ஆங்கில அகராதிகள் விளக்குகின்றன.

17-ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகள் வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போனது. 19-ம் நூற்றாண்டில் 'சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரும்' என்ற பொதுப் பொருள் வந்துவிட்டது. ஒரு மக்கள் மீது நடந்த கொடுமையை, அந்த மக்களின் பெயராகவே உலகம் புரிந்துகொண்டது. மலாய் மொழியிலும் இது இந்திய வம்சாவளியினரைப் புண்படுத்தும் வசையாக இருக்கிறது. மலேசியாவில் பள்ளிப் பாடமாக வைக்கப்பட்ட 'இன்டர்லோக்' நாவலில் இந்தச் சொல் இருந்ததால் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, 2011-ல் அது பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

இதற்கு எதிர்வினையும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் இதழுக்கு அந்தப் பெயரையே வைத்தார். எதைச் சொல்லித் தாழ்த்தினார்களோ அதையே தலைப்பாக்கினார். மறுபக்கம் எம்.சி.ராஜா, அந்தப் பெயருக்குப் பதிலாக அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்று குறிப்பிடச் சொல்லி 1922-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பெயரை மீட்பதா, மாற்றுவதா? இரண்டு வழியிலும் நோக்கம் மரியாதைதான்.

பறை இன்று மேடைகளில், போராட்டங்களில், பல்கலைக்கழக விழாக்களில் ஒலிக்கிறது. ஆனால் ஆங்கில அகராதியில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது.

ப்ளூ டிக்கும் கோஸ்டிங்கும்

2014 நவம்பரில் வாட்ஸ்அப் ப்ளூ டிக் வசதியைக் கொண்டுவந்தது. அதுவரை "பார்க்கல போல" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. இரண்டு நீல டிக் வந்த பிறகு, பார்த்தும் பதில் சொல்லவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. 'சீன்' போட்டுட்டு ரிப்ளை பண்ணல என்பது புதுத் தலைமுறையின் 'காய்'.

இன்னொன்று 'கோஸ்டிங்'. சண்டையும் இல்லை, விளக்கமும் இல்லை, ஒருவர் திடீரென்று பேய் மாதிரி மறைந்துவிடுவது. 'தலைமுழுகிட்டேன்' என்று முகத்துக்கு நேராகச் சொன்ன காலத்தில், ஏன் என்றாவது தெரிந்தது. கோஸ்டிங்கில் அதுவும் இல்லை.

ஒதுக்கினால் ஏன் வலிக்கிறது?

2003-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியானது. திரையில் பந்து தூக்கிப்போடும் ஒரு எளிய விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள் மட்டுமே பந்தைப் போட்டுக்கொள்வார்கள். பங்கேற்பவருக்குப் பந்தே வராது. அப்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், உடல் வலியின்போது இயங்கும் ஒரு பகுதி இயங்கியது தெரிந்தது. உண்மையில் அந்த மற்ற இருவர் கம்ப்யூட்டர் புரோகிராம்தான். அதற்கே அவ்வளவு வலி என்றால், சொந்த ஊரே பேச மறுத்தால்?

சட்டம் என்ன சொல்கிறது?

* அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தவரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைப்பதும் குற்றம்.

* எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவைச் சேர்ந்த ஒருவர், ஒரு குடும்பம் அல்லது ஒரு குழுவைச் சமூகரீதியாகவோ பொருளாதாரரீதியாகவோ புறக்கணிப்பதும், அப்படிச் செய்வோம் என்று மிரட்டுவதும் இதில் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

* எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் பொருந்தும் வகையில் சமூகப் புறக்கணிப்புக்கு எதிரான தனிச் சட்டத்தை மகாராஷ்டிரா 2016-ல் நிறைவேற்றியது. அதில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஆக, "அவங்க வீட்டுல அன்னம் தண்ணி புழங்கக் கூடாது" என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது சொன்னால், அது பழமொழி இல்லை. போலீஸில் புகார் கொடுக்கக்கூடிய விஷயம். யார் பேசினார்கள், எந்தத் தேதியில் கூட்டம் நடந்தது, எந்தக் கடையில் சாமான் மறுத்தார்கள், தலைக்கட்டு வரியை யார் வாங்க மறுத்தார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்வது புகாருக்குப் பலம் சேர்க்கும். வார்த்தை எவ்வளவு பழையதாக இருந்தாலும், அதைச் செயலில் காட்டினால் வழக்கு இன்றைய தேதியில்தான் பதிவாகும்.